லைட்டு பிடிச்சது யாரு?

'ஃபேமிலி' குறும்படம் 2020 ஏப்ரல் 6ஆம் தேதி ராத்திரி சோனி டிவியில் வந்தது. நான் மறுநாள் காலையில் வாட்ஸப்பில்தான் பார்த்தேன். ஊரடங்கு தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பூ மார்க்கெட் கிடையாது, பிரியாணிக்கடை வாசலில் கூட்டம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்ததால் எனக்கும் வேலை கிடையாது. கல்யாண வீடியோவும், லோக்கல் சேனலுக்குக் கடை விளம்பரமும் எடுப்பதுதான் என் பிழைப்பு.

படத்தை அம்மாவிடமும் காட்டினேன். அமிதாப் பச்சன் தன்னுடைய கறுப்புக் கண்ணாடியைக் காணோம் என்கிறார். வீட்டில் உள்ள எல்லாரும் தேடுகிறார்கள். ரஜினிகாந்த், மம்மூட்டி, மோகன்லால், சிரஞ்சீவி, சிவராஜ்குமார், ரன்பீர் கபூர், ஆலியா பட், பிரியங்கா சோப்ரா என்று ஒரு பெரிய குடும்பம். ஆளாளுக்குத் தன் மொழியில் பேசுகிறார்கள். எல்லாம் ஒரே வீட்டில் நடப்பதுபோல் இருக்கிறது.

"இவங்க எல்லாரும் ஒரே வீட்லயா இருக்காங்க?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. அவங்கவங்க வீட்ல இருந்தே எடுத்து ஒட்டியிருக்காங்க. யாரும் வெளிய போகல. வெளியாளும் உள்ள வரல."

"அப்போ லைட்டு பிடிச்சது யாரு?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஒன்றரை, இரண்டு வருஷத்தில் வந்த எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. என்னோடு கல்யாண வீடுகளுக்கு லைட் பிடிக்க வருகிற தம்பிக்கு அம்மா ஆறு வருஷமாகச் சோறு போட்டிருக்கிறாள். அதனால் லைட் என்றால் அவளுக்குப் பொருள் கிடையாது, ஒரு ஆள். இந்தக் கட்டுரை அவள் கேட்டதை வைத்து, பெருந்தொற்றுக் கால விளம்பரப் படங்களைத் திரும்பிப் பார்க்கிற முயற்சி.

*

முதலில் 'ஃபேமிலி'யின் கெட்டிக்காரத்தனத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இயக்கியவர் பிரசூன் பாண்டே. ஆட்கள் தொங்கிக்கொண்டு போகிற அந்த ஃபெவிகால் பேருந்து விளம்பரத்தை எடுத்தவர். இந்தியாவில் விளம்பரப் படம் என்ற வடிவத்தை நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு வெளிச்சம், ஒவ்வொரு போனுக்கும் ஒரு தரம். இதையெல்லாம் ஒட்டவைக்க அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறம் போனதும் பாதி வித்தியாசம் போய்விட்டது. மீதியைப் பார்வைத் திசை பார்த்துக்கொண்டது. ஒருவர் இடப்பக்கம் பார்த்துப் பேசுகிறார், அடுத்த ஷாட்டில் இன்னொருவர் வலப்பக்கம் பார்த்துப் பதில் சொல்கிறார். ஒரு கை பொருளை நீட்டினால் வேறு ஊரில் உள்ள கை அதை வாங்கிக்கொள்கிறது. பாதிச் சிவனும் பாதித் திருமாலும் ஓர் உருவமாக நிற்கிற ஊர்க்காரனுக்கு இரண்டு பாதியைச் சேர்த்துக் காட்டுவது புதிதில்லை. ஆனாலும் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரண வேலை இல்லை.

படத்தின் முடிவில் அமிதாப் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். யாரும் வீட்டை விட்டு வெளியே போகாமல்தான் இதை எடுத்தோம் என்கிறார். திரைத்துறையில் அன்றாடக் கூலிக்கு வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். சோனி நிறுவனமும் கல்யாண் ஜுவல்லர்ஸும் சேர்ந்து, அகில இந்தியத் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பைச் சேர்ந்த 1 லட்சம் குடும்பங்களுக்கு ஒரு மாத மளிகைச் சாமான் தருவதாக ஏற்பாடு. அரிசி அரிசிதான். அதைக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் சங்கடம் வேறு. தொழிலாளர்களுக்காக எடுத்த இந்தப் படத்தை ஒரு தொழிலாளிகூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். அதையே பெருமையாகவும் சொல்கிறார்கள். லைட்மேன் இல்லாமல், மேக்கப் போடுகிறவர் இல்லாமல், டிராலி தள்ளுகிறவர் இல்லாமல் படம் எடுத்துக் காட்டிவிட்டு, 'அவர்கள் பாவம்' என்று சொல்லுகிற படம். அன்றைக்கு வேறு வழி இல்லை என்பது நியாயம்தான். ஆனால் ஒரு படம் தான் சொல்லுகிற விஷயத்துக்கு நேரெதிரான ஒன்றைத் தன் வடிவத்தால் சொல்லிவிட முடியும். 'நீங்கள் இல்லாமலும் நடக்கும்' என்பதை அந்தப் படம் சொல்லிவிட்டது.

*

தமிழ்நாட்டில் படப்பிடிப்புகள் 2020 மார்ச் 19 அன்றே நின்றுவிட்டன. அறிவித்தது பெப்சி, அதாவது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். தினக்கூலித் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருக்கிறார்கள் என்று அதன் தலைவர் ஆர்.கே. செல்வமணி உதவி கேட்டார். ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார். மே 11 முதல் எடிட்டிங், டப்பிங் மாதிரியான வேலைகளுக்கு அனுமதி வந்தது. மே மாதக் கடைசியில் சின்னத்திரைக்கு. முதலில் 20 பேர், பிறகு 60 பேர். சினிமாவுக்கு செப்டம்பர் 1 முதல், 75 பேர்.

இந்த எண்களைச் செய்தியாகப் படிக்கிறவருக்கு அது ஒரு கட்டுப்பாடு. தொழிலில் இருக்கிறவருக்கு அது ஒரு பெயர்ப்பட்டியல். 20 பேர் என்றால் யாரை வரவேண்டாம் என்று சொல்வது? இயக்குநரைச் சொல்ல முடியாது, நடிகரைச் சொல்ல முடியாது. கடைசியில் டீ கொடுக்கிற புரொடக்‌ஷன் பையனுக்கும், ரெண்டாவது லைட்மேனுக்கும்தான் போன் வராது.

விளம்பரப் படத்தில் இது இன்னும் மோசம். சினிமாவிலாவது கடைசியில் ஒரு பெயர் ஓடும். முப்பது செகண்ட் விளம்பரத்தில் யார் பெயரும் வராது. குளிர்பானப் பாட்டிலின் மேல் நிற்கிற வேர்வைத்துளி கிளிசரின் கலந்த தண்ணீர் என்பதும், அதை ஒருவர் பொறுமையாகத் தெளிக்கிறார் என்பதும் பார்க்கிறவருக்குத் தெரியாது. பட்டுச்சேலையின் முந்தானை காற்றில் பறப்பதற்கு, சட்டத்துக்கு வெளியே ஒருவர் நரம்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிரியாணியிலிருந்து ஆவி வருவதற்கும் ஒரு ஆள் உண்டு. பொருள் தானாகவே அழகாக இருக்கிறது என்று நம்பவைப்பதுதான் விளம்பரத்தின் வேலை. அதனால் உழைத்த கையை மறைத்தே ஆகவேண்டும். பெருந்தொற்று புதிதாக எதையும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்களை உண்மையிலேயே இல்லாமல் ஆக்கியது.

அதற்கு ஒரு அழகியலும் பிறந்தது. செல்போனில் எடுத்த வீட்டுக் காட்சி, வீடியோ அழைப்பின் கட்டம் கட்டமான முகங்கள், பின்னால் மெதுவான பியானோ, 'இந்தக் கடினமான காலத்தில் உங்களோடு நாங்கள்' என்று ஒரு குரல். அமெரிக்காவில் ஒருவர் அந்த ஊர் கொரோனா விளம்பரங்களை வெட்டி ஒட்டி, எல்லாமே ஒன்றுதான் என்று யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். கார் கம்பெனியும் வங்கியும் சாப்பாட்டுக் கடையும் ஒரே வார்த்தையைச் சொல்கின்றன. நம் ஊரில் பியானோவுக்குப் பதில் புல்லாங்குழல், வேறு வித்தியாசம் இல்லை.

இதே வசதிக் குறைவில் வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் 2020 மே மாதம் வந்த கௌதம் மேனனின் 'கார்த்திக் டயல் செய்த எண்'. சிலம்பரசனும் த்ரிஷாவும் அவரவர் வீட்டில் ஐபோனில் எடுத்துக்கொண்ட குறும்படம். படத்தின் காதல் பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அது நேர்மையானது. இரண்டு பேர் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை, தூரத்தையே கதையாக வைத்துக்கொண்டது. 'ஃபேமிலி' தூரத்தை அழித்துக் காட்டியது. ஒன்று குறையைச் சொல்கிறது, மற்றது குறையே இல்லை என்கிறது. விளம்பரக்காரர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

*

'வீட்டிலேயே இருங்கள்' என்று எல்லா விளம்பரமும் சொன்னதே, அது யாருடைய வீடு? விளம்பரத்தில் வருகிற வீடு எப்போதுமே செட்டுதான். பெருந்தொற்றில் முதல்முறையாக நிஜ வீடுகள் உள்ளே வந்தன. ஆனால் அவை நட்சத்திரங்களின் வீடுகள். எங்கள் தெருவில் தறிக்குழியும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கிற வீடு ஒன்றுகூட எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

அந்த வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஒரு விளம்பரம் பச்சையாகவே சொன்னது. 2020 மே மாதம் கென்ட் நிறுவனம் மாவு பிசைகிற இயந்திரத்துக்காகச் சமூக ஊடகத்தில் போட்ட விளம்பரம் அது. வேலைக்காரப் பெண்ணின் கையில் கிருமி இருக்கலாம், அவளை மாவு பிசைய விடலாமா என்று கேட்டது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். விளம்பரத் தூதரான ஹேமமாலினி தனக்கு அதில் உடன்பாடு இல்லை என்றார்.

எல்லாரும் அந்த விளம்பரத்தைத் திட்டினார்கள், நானும் திட்டினேன். இப்போது யோசித்தால், அது மற்ற விளம்பரங்கள் மரியாதையாகச் சொன்னதை மரியாதை இல்லாமல் சொன்னது, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. அந்த வருஷத்து விளம்பரங்களில் அப்பா சமைத்தார், மகன் பாத்திரம் கழுவினான், எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதுவரை அந்தப் பாத்திரத்தைக் கழுவின பெண் எங்கே போனாள், அவளுக்குச் சம்பளம் போனதா என்று எந்த விளம்பரமும் கேட்கவில்லை. கென்ட் அவளைச் சந்தேகப்பட்டது. மற்றவர்கள் அவளை மறந்தார்கள். ரெண்டில் எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விதிவிலக்கும் உண்டு. 2020 மார்ச்சில் லைஃப்பாய் சோப்புக்காக இந்துஸ்தான் யூனிலீவர் கொடுத்த செய்தித்தாள் விளம்பரம், பக்கத்தில் எந்த சோப்பு கிடைக்கிறதோ அதை வைத்துக் கை கழுவுங்கள் என்றது. போட்டிக் கம்பெனிகளின் பெயரையும் சேர்த்தே போட்டது. படப்பிடிப்பு இல்லை, நட்சத்திரம் இல்லை, பியானோ இல்லை. தன் சரக்கைவிட விஷயம் பெரிது என்று ஒரு விளம்பரம் ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அப்போதுதான். அதுவும் வியாபாரத் தந்திரம் என்பார்கள். இருக்கட்டும். அந்தத் தந்திரத்தால் நாலு பேர் கை கழுவியிருப்பார்கள்.

*

2020 ஆகஸ்ட் 23 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் படப்பிடிப்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆறடி இடைவெளி, வெப்பநிலை பார்ப்பது, மேக்கப் போடுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை, எல்லாருக்கும் முகக்கவசம். அதில் ஒரே ஒரு விலக்கு. கேமராவுக்கு முன்னால் நடிக்கிறவர்கள் மட்டும் முகக்கவசம் போட வேண்டியதில்லை.

அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். நியாயமான விலக்குதான். பற்பசை, நகை, பிரியாணி, எதை விற்பதற்கும் ஒரு வாய் தெரியவேண்டும். சிரிக்காத முகத்தால் சரக்கு விற்காது. ஆனால் விளம்பரத்தின் மையமான சிக்கலும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. இடத்தில் உள்ள எல்லாரிலும் ஒரே ஒருவர் முகத்தைத் திறந்துகொண்டு நிற்கிறார். மற்றவர்கள் மூடிக்கொண்டு அவரைப் பார்க்கிறார்கள். ஆபத்து அவருக்குத்தான் அதிகம். நட்சத்திரம் என்றால் அதற்குச் சம்பளம் உண்டு, சுற்றிப் பரிசோதனை உண்டு, கேரவன் உண்டு.

நட்சத்திரம் இல்லாவிட்டால்?

அந்த வருஷம் ஆடித்தபசுக்கு எங்கள் ஊரில் கூட்டமே இல்லை. கோயிலுக்குள் பக்தர்களை விடவில்லை. வருஷத்தின் பெரிய வியாபாரம் போனதால் கடைக்காரர்கள் தீபாவளியைத்தான் நம்பியிருந்தார்கள். அக்டோபரில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி கூப்பிட்டார். லோக்கல் சேனலுக்கு ஒரு நிமிட விளம்பரம். ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வேலை. வழக்கமாக மதுரையில் இருந்து மாடல் பெண் ஒருவரை வரச்சொல்வோம். இந்த முறை அண்ணாச்சி, "அவ்வளவு செலவு தாங்காது தம்பி. நம்ம கடைப் பிள்ளையவே நிக்க வச்சிருவோம்" என்றார்.

சேலைப் பிரிவில் வேலை பார்க்கிற பெண். முதலில் வெட்கப்பட்டது, பிறகு சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. விளக்கைச் சரிபண்ணிவிட்டு நான் தயார் என்றதும், "மாஸ்க்கக் கழட்டணுமாண்ணே?" என்று கேட்டது.

"கழட்டாம எப்படிம்மா? முகம் தெரிய வேண்டாமா?"

மூன்று மணி நேரம் எடுத்தோம். ஏ.சி. போட்ட அறை, ஜன்னல் கிடையாது, கடைக்காரர் வீட்டு ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம், பாதிப் பேர் தாடைக்குக் கீழே. கடைசி ஷாட்டில் மட்டும் அந்தப் பெண் சேலைக்குப் பொருத்தமான நிறத்தில் ஒரு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கையெடுத்துக் கும்பிடும். 'பாதுகாப்பாக ஷாப்பிங் செய்யுங்கள்' என்று எழுத்து வரும். அது என் யோசனை. அண்ணாச்சிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று என்று வந்தது. எங்கே ஒட்டியது என்று யாருக்குத் தெரியும்? கடைக்கு வந்த யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், பஸ்ஸில் வந்திருக்கலாம். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பதினைந்து நாள் வீட்டில் இருந்தது. அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. நடித்ததற்கும் தனியாக எதுவும் இல்லை, ஒரு சேலை கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாளும் லோக்கல் சேனலில் அதன் முகம் ஒரு நாளைக்கு இருபது தடவை சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியிடம் போய்ச் சம்பளத்தைப் பற்றி நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. அடுத்த விளம்பரத்தையும் என்னிடமே தருவதாகச் சொல்லியிருந்தார்.

'ஃபேமிலி'யில் உள்ளே யாரும் வரவில்லை என்பது என் சங்கடம் என்று மேலே எழுதினேன். உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது என் பதில். பெரிய படம் தொழிலாளியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. சின்னப் படம் தொழிலாளியைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி முகத்தைத் திறக்கச் சொன்னது. ரெண்டிலும் கடைசி ஷாட் ஒன்றுதான், அக்கறையாக ஒரு கும்பிடு.

*

இந்த வரிசையின் கடைசிப் படம் 2021 தீபாவளிக்கு வந்தது. கேட்பரி நிறுவனத்துக்காக ஓகில்வி எடுத்த ஷாருக் கான் விளம்பரம். பெருந்தொற்றில் அடிவாங்கிய சின்னக் கடைகளுக்கு உதவி என்று சொல்லி, ஷாருக் கானின் முகத்தையும் குரலையும் கணினியில் உருவாக்கி, பார்க்கிறவரின் பின்கோடுக்கு ஏற்ப அந்தப் பகுதிக் கடையின் பெயரை அவர் சொல்வதுபோல் செய்தார்கள். கடைக்காரரே தன் கடைப் பெயரைக் கொடுத்து ஒரு விளம்பரத்தை உருவாக்கிக்கொள்ளவும் வழி செய்தார்கள். ஷாருக் ஒருமுறை நடித்தார், விளம்பரம் ஆயிரக்கணக்கில் ஆனது. உலகமே பாராட்டியது. யோசனையாகப் பார்த்தால் எனக்கும் பாராட்டத்தான் தோன்றுகிறது.

ஆனால் நம் பக்கத்தில் கடை விளம்பரத்துக்கு என்று ஒரு மரபு இருக்கிறது. ஒன்று, 'நம்பிக்கை, அதானே எல்லாம்' என்று பிரபு சொல்வது மாதிரி, குடும்பத்தில் ஒருவர்போல் பழகிய நடிகர் வருவார். இல்லையென்றால் முதலாளியே வருவார். லலிதா ஜுவல்லரி கிரண்குமார் மொட்டைத் தலையோடு வந்து கணக்குச் சொல்கிறார். சரவணா ஸ்டோர்ஸ் சரவணன் கதாநாயகிகளோடு ஆடினார். ஊரே கேலி செய்தது, ஆனால் ஊரே பார்த்தது. அதில் ஒரு விஷயம் உண்டு: இது என் கடை, இது என் முகம், குறை இருந்தால் என்னைக் கேள் என்கிற ஜம்பம். ஷாருக் கான் சங்கரன்கோவில் கடையின் பெயரைச் சொன்னால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவரை யார் கேட்க முடியும்? அவர் அதைச் சொல்லவே இல்லையே.

'ஃபேமிலி'யில் தொழிலாளி போனார். இதில் நடிகரும் போய்விட்டார், முகம் மட்டும் மிச்சம். லைட்டும் தேவையில்லை, பிடிக்கிற ஆளும் தேவையில்லை, முகக்கவசத்தைக் கழட்டச் சொல்லவும் தேவையில்லை. யாருக்கும் காய்ச்சல் வராது. யாருக்கும் கூலியும் வராது. இதை நான் என் பிழைப்பு போகிறதே என்ற பயத்தில்தான் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். பிழைப்பு போகிறவன்தான் இதையெல்லாம் கவனிப்பான்.

பெருந்தொற்றுக் கால விளம்பரங்களை 'நம்பிக்கை தந்தவை' என்று தொகுத்துப் பாராட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு படத்தையும் அம்மாவின் கேள்வியோடு பாருங்கள். படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, இருந்திருக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். இருந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒளி எவ்வளவு மென்மை, இசை எவ்வளவு உருக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த ஜவுளிக்கடைப் பெண் குணமாகித் திரும்பி வந்து, இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறது. போன வருஷம் அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போனபோது என்னை அடையாளம் கண்டுகொண்டது. "அந்த விளம்பரம் இன்னும் இருக்காண்ணே? எம் பிள்ளைக்குக் காட்டணும், அவ பாத்ததே இல்ல" என்றது. தேடிப்பார்த்து அனுப்புகிறேன் என்றேன். என் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. கடைசி ஷாட்டையும் எழுத்தையும் வெட்டிவிட்டு, அந்தப் பெண் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துச் சிரிக்கிற இடத்தோடு நிறுத்தி அனுப்பினேன். கடைசியில் கறுப்புத் திரையில் அந்தப் பெண்ணின் பெயர், லைட் பிடித்த தம்பியின் பெயர், என் பெயர், மூன்றையும் போட்டிருந்தேன்.